முயல்குட்டியின் எடை

எடைமேடைக்கு வரும் லாரிக்காரர்கள் அவரை ஜீரோ என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் சின்னவர்கள் ஜீரோ அண்ணே என்பார்கள். பேர் வந்தது பெரிய கதை ஒன்றும் இல்லை. மேடை காலியாக இருக்கும்போது அறைக்குள் இருக்கும் பெட்டியில் சிவப்பு எண் பூஜ்ஜியத்தில் நிற்க வேண்டும். நின்றால்தான் அடுத்த வண்டியை ஏறச் சொல்வார். இரும்பு மேடைக்கும் அதைச் சுற்றிய சுவருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி உண்டு. அதில் ஒரு ஜல்லி மாட்டினாலும் எண் கோணிக்கொள்ளும். பின்னால் வரிசையாக வண்டிகள் நின்று ஆரன் அடித்தாலும் சரி, கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்த ஜல்லியைத் தோண்டி எறிந்துவிட்டுத்தான் மேலே வருவார். "ஜீரோ வரட்டும்." அவ்வளவுதான் பேச்சு.

அவரிடம் யாருடைய பருப்பும் வேகாது. ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே வைத்து நிறுத்துவான் ஒருவன். காலி வண்டி எடை போடும்போது கிளீனரை இருக்கைக்குக் கீழே சுருட்டி வைத்து, சரக்கோடு வரும்போது இறக்கிவிடுவான் இன்னொருவன். தண்ணீர் டிரம்மை நிரப்பிக்கொண்டு வருகிறவன் உண்டு. ஜீரோ ஜன்னல் வழியே தலையை நீட்டி, "ஆளை இறக்கு" என்பார். வண்டிக்குள் ஆள் இருப்பது எப்படித் தெரிந்தது என்று கேட்டால் பதில் வராது. அந்த வண்டி போன வாரம் எவ்வளவு, போன மாதம் எவ்வளவு என்பது அவர் தலையில் இருக்கும். முகங்கள் அவருக்கு அவ்வளவாகத் தங்காது. எண்கள் தங்கும்.

முன்பு அவரும் லாரி ஓட்டியவர்தான். முதுகில் வட்டு விலகி, மணிக்கணக்கில் ஸ்டியரிங் பிடிக்க முடியாமல் போன பிறகு, கல் குவாரி முதலாளி இந்த அறையில் உட்கார வைத்தார். ஒரு மேசை, ஒரு நாற்காலி, எண் பெட்டி, சீட்டு அடிக்கும் மெஷின், தூசி படிந்த மின்விசிறி. ஜன்னலுக்கு வெளியே மேடை. மேடைக்கு அப்பால் ஒரு மதில், மதிலுக்கு அப்பால் முட்செடியும் புல்லும் மண்டிய பொட்டல்.

அவர் இந்த அறைக்கு வந்த புதிதில் அவருடைய மனைவி மதியச் சாப்பாட்டைக் கொண்டுவரும்போது வேண்டுமென்றே மேடைமேல் ஏறி நடந்து வருவார். அந்த மெஷினுக்கு இருபது இருபது கிலோவாகத்தான் எண் ஏறும். ஆள் ஏறினால் ஒரு நாள் நாற்பது காட்டும், ஒரு நாள் அறுபது காட்டும். "என்னைப் பத்தி உங்க மெஷினுக்கே ஒரு முடிவு இல்ல" என்று சொல்லிவிட்டுத் தூக்குச்சட்டியை மேசைமேல் வைப்பார். ஜீரோ சிரிக்கிற ஆள் இல்லை. ஆனால் அந்த நேரம் பார்த்து வரும் வண்டியை ஒரு நிமிஷம் கீழேயே நிற்க வைப்பார்.

மனைவி போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதயம் பலவீனமாகி, இருந்து இருந்து போனார். அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே ஜீரோ வேலைக்கு வந்துவிட்டார். துக்கம் கேட்க வந்த ஓட்டுநர்களிடம் "வண்டியை ஏத்து" என்றார். அழுதாரா என்றால் இல்லை. அழாமல் கல்லாக இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. காலையில் எழுந்தார், பல் தேய்த்தார், கதவைப் பூட்டினார், வந்தார். ஒரு கை மரத்துப்போனால் அதைத் தூக்கி இன்னொரு கையால் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிற மாதிரி, தன்னைத் தானே தூக்கி அங்கங்கே வைத்துக்கொண்டிருந்தார்.

அப்படி ஒரு நாள் காலையில்தான் புல் லாரி வந்தது.

கல்லும் ஜல்லியும் போக, அக்கம்பக்கத்து வண்டிகளும் காசு கொடுத்து அங்கே எடை போட்டுக்கொள்வதுண்டு. அன்றைக்கு வந்தவை மாட்டுப் பண்ணைக்குப் போகும் புல்கட்டுகள். மெஷினால் அறுத்து, அங்கேயே கட்டி, நாலு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார் ஓட்டுநர். ஆள் பெரிய வாயாடி. எடைச்சீட்டு வாங்க வந்தவர் சட்டைப்பைக்குள் கைவிட்டு, சாம்பலும் பழுப்புமாக ஒரு கை அகல உருண்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அண்ணே, இது எடையில சேருமா, சேராதா? சொல்லுங்க."

காட்டு முயல்குட்டி. கண் திறந்திருந்தது. காது முதுகோடு ஒட்டிக் கிடந்தது. கட்டுக்கு நடுவே மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அறுப்பு மெஷினின் கத்தி பின்னங்காலில் தொடை வரை தோலைக் கிழித்திருந்தது. உள்ளே இருக்கும் சிவப்புச் சதை தெரிந்தது. குட்டி அசையவில்லை, சத்தமும் போடவில்லை. மூக்கு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

பாதி வழியில் நிறுத்திப் புல்கட்டின் கயிற்றை இறுக்கும்போது பார்த்ததாகவும், திரும்பக் கொண்டுபோய்விட வழி இல்லை என்றும் ஓட்டுநர் சொன்னார். அறுத்த வயலில் இந்நேரம் மறைய ஒரு புல் இல்லை, தாய் எங்கே ஓடியதோ. பண்ணைக்குக் கொண்டுபோனால் அங்கே இரண்டு நாய்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் போட்டுவிடலாமா என்றார். போட்டால் காக்காய் கொத்தும் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

ஜீரோ சீட்டை அடித்துக் கொடுத்தார். "வச்சுட்டுப் போ" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே விளங்கவில்லை. இரக்கம் என்று பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. மேசைமேல் வைத்த ஒன்றை எடுத்து எறிய வேண்டும் என்றால் எழுந்து போக வேண்டும். எழவில்லை. சீட்டுச் சுருள் வந்த அட்டைப்பெட்டி ஒன்று காலடியில் கிடந்தது. முகம் துடைக்கும் துண்டை அதில் போட்டுக் குட்டியை வைத்தார். மதியம் முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கால்நடை மருத்துவமனைக்குப் பெட்டியோடு போனார்.

அங்கே ஒரு பெண் டாக்டர். கன்றுக்குட்டிக்கும் நாய்க்கும் பழகிய கை. முயலைப் பார்த்ததும் கொஞ்சம் யோசித்தார். பிறகு காயத்தைக் கழுவி, மெல்லிய ஊசியால் நாலைந்து தையல் போட்டார். எலும்பு முறியவில்லை, அது இதன் அதிர்ஷ்டம் என்றார். காட்டுக்குட்டி கையில் வளர்வது கஷ்டம், மனசைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். ஆட்டுப்பால், ஊசி இல்லாத சிரிஞ்ச், காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சம், மல்லாத்திப் பிடிக்கக் கூடாது, புரை ஏறிவிடும். பால் கொடுத்த பிறகு பஞ்சை வெந்நீரில் நனைத்து வாலுக்கடியில் துடைத்துவிட வேண்டும், தாய் நக்கிவிடுகிற மாதிரி, அப்போதுதான் அது கழியும். இதையெல்லாம் டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஜீரோ தலையாட்டினார். கடைசியாக, "எடை ஏறிக்கிட்டு வந்தா பிழைச்சுக்கும்" என்றார் டாக்டர்.

அதுதான் ஜீரோவுக்கு உள்ளே போனது. மற்றதெல்லாம் காதில் விழுந்தது, தங்கவில்லை. தப்பு சொல்லவும் முடியாது. வாழ்நாளில் பாதியை எடைக்கு நடுவே கழித்த மனுஷனிடம் நூறு வார்த்தை சொன்னால் அவன் எந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்வான்?

வீட்டு அலமாரியில் ஒரு சின்ன எடைமெஷின் இருந்தது. மனைவியின் சாப்பாட்டையும் உப்பையும் ஆஸ்பத்திரியில் அளந்து போடச் சொன்னபோது வாங்கியது. பேட்டரி செத்துக் கிடந்தது. புது பேட்டரி போட்டு, ஒரு கிண்ணத்தை வைத்து, ஜீரோ வரும் வரை காத்திருந்து, குட்டியைக் கிண்ணத்தில் வைத்தார். எண் நின்றது. முன்னூறு கிராமுக்கும் கீழே. மனதில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக எடை போட்டார். கொஞ்சம் ஏறியிருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். காலையில் எழுந்ததும் எடை பார்க்க அந்த வீட்டில் யாரும் இல்லாமல் போய் வெகுநாள் ஆகியிருந்தது. இப்போது ஒன்று இருந்தது. அதனால் சந்தோஷப்பட்டார் என்று எழுதினால் பொய். எழுந்ததும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காலுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான்.

வேலைக்கும் பெட்டியோடுதான் வந்தார். மேசைக்கு அடியில் நிழலான மூலையில் வைத்து, மேலே ஒரு அட்டையைச் சாய்த்து மூடினார். ஓட்டுநர்கள் விடுவார்களா. ஜீரோ அண்ணன் சொந்தமாகச் சரக்கு ஏற்ற ஆரம்பித்துவிட்டார் என்றான் ஒருவன். முயலுக்கு ஓவர்லோடு கேஸ் போடுவீங்களா அண்ணே என்றான் இன்னொருவன். புல் லாரிக்காரர் அடுத்த நடை வந்தபோது ஒரு பிடி இளம்புல்லைக் கொண்டுவந்து, "வாடகை பாக்கி" என்று சொல்லி மேசைமேல் வைத்தார். குட்டியை எட்டிப் பார்த்தார். "நல்லா கொழுத்துடுச்சே அண்ணே. வயித்தைப் பாருங்க, முதலாளி மாதிரி" என்றார்.

"ஏறுது" என்றார் ஜீரோ.

ஏறத்தான் செய்தது. ஏறுகிறது என்று பார்த்ததும் இன்னும் கொஞ்சம் பால் கொடுத்தார். டாக்டர் சொன்னது காலையும் மாலையும். ஜீரோ மதியமும் கொடுத்தார். பால் குடித்ததும் நனைத்த பஞ்சால் வாயைத் துடைத்துவிட்டார். பஞ்சு பற்றி டாக்டர் ஏதோ சொன்னாரே, அது இதுதான் என்று நினைத்துக்கொண்டார். காயம் காய்ந்துகொண்டு வந்தது. எண் மட்டும் நாளுக்கு நாள் மேலே போனது. குட்டி முன்பு போல மூக்கை அவ்வளவு வேகமாகத் துடிக்கவிடவில்லை. பழகிவிட்டது, பயம் தெளிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். சிரிஞ்சைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பியது. நிறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் மைத்துனி வந்தார்.

மனைவியின் தங்கை அவர். பெரிய ஆஸ்பத்திரியில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை வைத்திருக்கும் வார்டில் ஆயா வேலை. அக்கா உயிரோடு இருந்தவரை வாரம் தவறாமல் வருவார், வந்தால் வீடே இரண்டுபடும். அடக்கத்துக்குப் பிறகு அவர் வரவில்லை. சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. போனில் மாசத்துக்கு ஒரு தரம், சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், வைக்கட்டுமா, வை. அன்றைக்கு வந்ததுகூட அவரைப் பார்க்க இல்லை. வீட்டில் அக்காவின் சக்கர நாற்காலி மடங்கிக் கிடந்தது. தெரிந்தவர் ஒருவருக்கு வேண்டியிருந்தது. வீட்டுச் சாவியை வாங்கிப் போக எடைமேடைக்கு வந்தார்.

சாவியை நீட்டினார் ஜீரோ. வாங்கிக்கொண்டு திரும்பியவரின் பார்வை மேசைக்கு அடியில் போனது.

"அது என்ன மாமா?"

சொன்னார். புல் லாரி, கத்தி, தையல், ஆட்டுப்பால். எல்லாவற்றையும் நாலே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, எடை ஏறிக்கொண்டே வருவதையும் சொன்னார். முதல் நாள் எவ்வளவு, இன்றைக்குக் காலையில் எவ்வளவு என்று எண்ணோடு சொன்னார்.

எண்ணைக் கேட்டதும் மைத்துனி கைப்பையைக் கீழே வைத்தார். குனிந்து, அட்டையை நகர்த்தி, குட்டியை இரண்டு கையாலும் எடுத்தார். பிறந்த குழந்தையை எடுத்துப் பழகிய கை, தலை ஆடவில்லை. ஒரு விரலால் வயிற்றைத் தொட்டார். வயிறு காற்றடைத்த பந்தாக இருந்தது. விரல் உள்ளே போகவில்லை. பெட்டிக்குள் விரித்திருந்த துண்டை எடுத்து முகத்துக்கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தார். உதறிப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை.

"இந்தத் துண்டை எப்ப மாத்துனீங்க?"

மாற்றவில்லை என்றார் ஜீரோ. அழுக்காகவில்லை, அதனால் மாற்றவில்லை.

"அதானே. எங்க வார்டுல எவ்வளவு குடிச்சுதுன்னு நாங்க கேக்கவே மாட்டோம். எத்தனை துணி நனைஞ்சுதுன்னுதான் கேப்போம். இது வந்ததுலேருந்து ஒண்ணுக்குப் போச்சா? புழுக்கை போட்டுச்சா?"

ஜீரோவுக்கு அது தோன்றவே இல்லை. எண் பெட்டியைப் பார்த்தார். வெளியே மேடை காலி. பூஜ்ஜியம் நின்றது.

"போன பாலெல்லாம் உள்ளேயேதான் இருக்கு மாமா. அது வளரல. வீங்குது."

வெளியே ஒரு ஜல்லி லாரி வந்து மேடைமேல் ஏறி நின்றது. ஓட்டுநர் ஆரன் அடித்தார். ஜீரோ எடையைப் பார்க்கவில்லை. அந்த அறையில் உட்கார ஆரம்பித்ததிலிருந்து ஒரு வண்டி மேடைமேல் நிற்க, எண்ணைப் பார்க்காமல் அவர் வேறெங்கோ பார்த்தது அன்றைக்குத்தான். மைத்துனியின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த விரலை அவருக்குத் தெரியும்.

மனைவி கடைசியில் மெலிந்து எலும்பாகிப்போயிருந்தார். தினமும் காலையில் எடை பார்த்துக்கொண்டே இருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஜீரோ பார்த்துக்கொண்டே இருந்தார். நிற்கும் மெஷின் ஒன்று வாங்கி, ஜீரோ வரவிட்டு, தோளைப் பிடித்து ஏற்றி, எண் நின்றதும் இறக்கினார். இறங்கிக்கொண்டே வந்த எடை ஒரு வாரம் ஏற ஆரம்பித்தது. உடம்பு தேறுகிறது என்று மனைவியிடம் சொன்னார். மனைவியும் சிரித்தார். "மெஷின் இப்பத்தான் ஒரு முடிவுக்கு வந்திருக்கு" என்றார். வெளியூரில் தன் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்த மைத்துனிக்குப் போன் போட்டு, ஏறுது என்று சொன்னார். மைத்துனி ஊர் திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, அக்காவின் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. ஏறியது சதை இல்லை, தண்ணீர். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

அந்தக் குழியைப் பற்றி மைத்துனி ஒரு வார்த்தையும் அவரிடம் பேசியது கிடையாது. ஒரு வருஷமாகப் பேசவில்லை.

இப்போதும் முயலைக் கையில் வைத்துக்கொண்டு, தலை நிமிராமல்தான் பேசினார்.

"அக்காவையும் இப்படித்தான் மாமா."

"தெரியும்" என்றார் ஜீரோ.

"தெரியும்னு தெரியும். நான் சொல்லணும்னு இருந்துச்சு. சொல்லிட்டேன்."

பிறகு வெந்நீர் எங்கே என்று கேட்டார்.

டீ போடுகிற கெட்டிலில் கொஞ்சம் இருந்தது. பஞ்சு தீர்ந்திருந்தது, கைக்குட்டையின் முனையை நனைத்து, சூடு பார்த்து, குட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாலுக்கடியில் துடைக்க ஆரம்பித்தார். மெதுவாக, ஒரே பக்கமாக, நாக்கால் நக்குகிற மாதிரி. வெளியே ஆரன் விடவில்லை. ஜீரோ சீட்டு அடித்துக் கொடுத்தார், அடுத்த வண்டியை ஏற்றினார், இறக்கினார். திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் மைத்துனி அதே மாதிரி துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் வரவில்லை. குட்டியின் கண் பாதி மூடிக்கொண்டது. போய்விடும் போல என்று ஜீரோவுக்குத் தோன்றியது. தோன்றியும் நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. கை மட்டும் சீட்டைக் கிழிக்கும்போது கோணலாகக் கிழித்தது.

"நீங்க வாங்க" என்றார் மைத்துனி. "எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு. நான் சொல்லித் தர்றதுக்குள்ள கத்துக்கிட்டீங்கன்னா உண்டு."

ஜீரோ நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். மைத்துனி குட்டியை அவர் மடியில் வைத்து, அவருடைய கனத்த ஆள்காட்டி விரலைப் பிடித்துத் துணியை எப்படிச் சுற்ற வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும் என்று காட்டினார். "ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி பிடிக்காதீங்க" என்றார். விரலை விரலாகவே வைக்கத் தெரியாத மனுஷன் அவர். கம்பி பிடித்த கை. தொட்டால் உடைந்துவிடும் போலிருந்தது. துடைத்தார். மீண்டும் துடைத்தார். அந்த வாரம் முழுக்க அந்த உடம்பைத் தூக்கிக் கிண்ணத்தில் வைத்திருக்கிறார். அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. காதுக்குள் இலை நரம்பு மாதிரி ரத்த நாளம் ஓடுவதை அப்போதுதான் பார்த்தார்.

சட்டென்று மடி சூடாகியது.

கால்சட்டை நனைந்து முட்டி வரை வழிந்தது. இவ்வளவு சின்ன உடம்புக்குள் இவ்வளவா என்கிற அளவுக்கு வந்துகொண்டே இருந்தது. ஜன்னலில் சீட்டுக்காக நின்ற ஓட்டுநர் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, லீக்காகுது போலிருக்கே" என்றார். மைத்துனி சிரித்துவிட்டார். பிறகு முகத்தைத் திருப்பி, கைப்பைக்குள் எதையோ வெகுநேரம் தேடினார்.

ஜீரோ எழவில்லை. ஈரம் ஆறிக் குளிரும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மைத்துனி போகும்போது சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சக்கர நாற்காலியை எடுத்துக்கொண்டு நாளைக்கு வந்து தருகிறேன் என்றார். வாசலில் நின்று ஒரு தரம் திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்க பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டிருக்கீங்க. அதையும் யாராவது எடை போட்டுப் பாத்தா தேவலை" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு பாலைக் குறைத்தார்கள். ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டார். மறுநாள் காலை சின்ன மெஷினில் வைத்தபோது எண் நன்றாக இறங்கியிருந்தது. எண் இறங்கியதைப் பார்த்து ஜீரோ தலையை ஆட்டிக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சாயங்காலம் துண்டில் நாலு புழுக்கை கிடந்தது. மிளகை விடக் கொஞ்சம் பெரிது. டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினார். பஞ்சு விஷயத்தைத்தான் அன்றைக்கே சொன்னேனே என்றார் டாக்டர். "சொன்னீங்க. நான்தான் கேக்கல" என்றார் ஜீரோ. டாக்டர் தையலைப் பிரித்துவிட்டார்.

மைத்துனி சாவியைக் கொடுக்க வந்தார். அடுத்த வாரம் சாவி இல்லாமலே வந்தார். வரும்போது இரண்டு பேருக்குச் சாப்பாடு கொண்டுவந்து, நீங்கள் சாப்பிட்டுத் தொலைத்தால்தான் என் டப்பா எனக்குக் கிடைக்கும் என்று எதிரே உட்கார்ந்துகொண்டார். பேச்சு பெரும்பாலும் முயலைப் பற்றித்தான். அக்காவைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் இப்போது பேசாமல் இருந்தது வேறு மாதிரி பேசாமல் இருந்தது. அது ஜீரோவுக்கும் தெரிந்தது. தெரிந்தும் நெஞ்சு மரத்ததுபோலவேதான் கிடந்தது. மரத்த காலில் ரத்தம் திரும்ப ஓடினால் ஊசி குத்துமே, அந்த மாதிரி எப்போதாவது ஒரு குத்து. அவ்வளவுதான்.

குட்டி புல்லைக் கடிக்க ஆரம்பித்தது. கடித்த பிறகு வளர்த்தி கண்ணுக்குத் தெரிந்தது. பெட்டி போதவில்லை. ஆளைக் கண்டால் மூலையில் ஒடுங்கியது. எடுக்கப்போனால் பின்னங்காலால் உதைத்து ஜீரோவின் மணிக்கட்டைக் கீறியது. தையல் போட்ட கால் லேசாக இழுத்தாலும் உதை என்னவோ நல்ல உதை. "இனிமே இதை வச்சிருந்தா அதுக்கும் கேவலம், உங்களுக்கும் கேவலம்" என்றார் மைத்துனி. டாக்டரும் அதைத்தான் சொன்னார். தானாகப் புல் தின்கிறது, தானாகக் கழிகிறது, ஆளைக் கண்டால் பயப்படுகிறது, இனி விட்டுவிடலாம்.

ஜீரோவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. எடை இன்னும் கொஞ்சம் ஏறட்டுமே என்றார். சொன்ன பிறகு அவரே வாயை மூடிக்கொண்டார்.

குவாரிக்கு விடுமுறை நாள் ஒன்றில், வண்டிகள் இல்லாத சாயங்காலம், மைத்துனியும் வந்திருக்க, பெட்டியை மேசைமேல் வைத்தார். விடுவதற்கு முன் கடைசியாக ஒரு தரம் எடை போட வேண்டும் என்றார். வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சின்ன மெஷினில் கிண்ணத்தை வைத்து, ஜீரோ வரவிட்டு, குட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். எண் ஓடியது. குட்டி திமிறியது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஒரு கையால் முதுகை அமுக்கிப் பிடித்தால் கையின் எடையும் சேரும். கையை எடுத்தால் பாய்ந்துவிடும். இரண்டு முறை கிண்ணம் உருண்டது. எண் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

எண் நிற்காமல் ஒரு வண்டியையும் அவர் இறக்கியது கிடையாது.

கொஞ்ச நேரம் அந்த ஓடுகிற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குட்டியை மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு, மெஷினை அணைக்காமலே வெளியே போனார். மேடையைக் கடந்து, மதிலின் உடைந்த பகுதியில் தாண்டி, பொட்டலில் புல் உயரமாக இருக்கும் இடத்தில் குனிந்து கையை விரித்தார். குட்டி உடனே போகவில்லை. காதைத் தூக்கியது. மூக்கு படபடவென்று துடித்தது. பிறகு புல் மூன்று இடத்தில் அசைந்தது, நின்றுவிட்டது.

திரும்பி வந்தார். மைத்துனி மெஷினை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு மாமா இருந்துச்சு?"

"தெரியல. நிக்கல."

மைத்துனி தலையாட்டினார். கிண்ணத்தைக் கழுவி வைத்தார். 

இப்போதும் அந்த மேடைக்குப் போனால் ஜீரோவைப் பார்க்கலாம். காலையில் முதல் வண்டி வருவதற்கு முன் துடைப்பத்தோடு மேடையைக் கூட்டுவார், கம்பியால் இடைவெளியில் மாட்டிய ஜல்லியைத் தோண்டுவார். சில நாள் மதிலோரத்தில், மேடை முடிகிற இடத்தில், உருண்டையாகக் கொஞ்சம் புழுக்கை கிடக்கும். அந்தப் பொட்டலில் எத்தனையோ முயல் இருக்கும். எதனுடையது என்று யாருக்குத் தெரியும். ஜீரோ குனிந்து பார்ப்பார். காய்ந்ததா, புதிதா என்று துடைப்பக் குச்சியால் ஒன்றைப் புரட்டுவார். பிறகு அதைச் சுற்றி மற்ற இடத்தையெல்லாம் கூட்டிவிட்டு, அதை அப்படியே விட்டுவிட்டு அறைக்குள் வந்து, எண்ணைப் பார்ப்பார். ஜீரோ நின்றதும் ஜன்னல் வழியே கையைக் காட்டுவார்.